கடலிலும் விதைநெல் உண்டு

மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் விதைத்தறிந்த கமக்காரருக்கு, நெல் எல்லாம் ஒன்றல்ல என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உவர் நிலத்தைத் தாங்கும் நெல்லும் உண்டு, தாங்காத நெல்லும் உண்டு. ஆனால் வயலை விட்டு இடம்பெயர்ந்து, கரையோரத்தில் வீச்சுவலை பிடிக்கப் பழகியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "கடல் எவ்வளவு பெரிது! இங்கே இறால் குறைந்தால், வேறிடத்து இறால் வந்து சேராதா?"

நல்ல கேள்வி. கறுப்பு வரி இறாலை எடுத்துக்கொள்வோம். தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. ஒரு தடவையில் இரண்டரை இலட்சம் முதல் எட்டு இலட்சம் வரை முட்டைகள் வரும். பொரித்த குஞ்சுகள் இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தோடு மிதந்து, களப்புகளையும் கண்டல் வேர்களையும் அடைகின்றன. அங்கே வளர்ந்து மீண்டும் கடலுக்குப் போகின்றன. இப்படி மிதந்து திரிவதால், எங்கும் உள்ளது ஒரே கூட்டந்தான் என்று நினைக்கத் தோன்றும்.

அது சரியா என்பதைப் பார்ப்பதுதான் குடித்தொகைப் பிறப்புரிமையியல். இறாலின் சிறு தசைத் துண்டை எடுத்து, அதிலுள்ள பரம்பரைப் பொருளை ஒப்பிடுவார்கள். அதில் ஒரு பகுதி தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவது. ஆகவே அதைக் கொண்டு தாய்வழியை அறியலாம். 2002இல் வெளியான ஓர் ஆய்வு இப்படிப் பார்த்தபோது, ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கரை இறாலுக்கும் தென்கிழக்காசிய, அவுஸ்திரேலிய இறாலுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரிந்தது. பார்வைக்கு ஒன்று, பரம்பரையில் வேறு. ஓரிடத்துக் கூட்டம் அழிந்தால், தொலைவிலுள்ள கூட்டம் வந்து அந்த இடத்தை நிரப்பும் என்று நம்பியிருக்க முடியாது.

இன்னொரு உண்மையும் உண்டு. இலட்சக்கணக்கில் முட்டையிட்டாலும், பல தாய்களின் குஞ்சுகளில் ஒன்றேனும் தப்புவதில்லை. சில தாய்களின் குஞ்சுகளே பெருகுகின்றன. அவுஸ்திரேலியாவின் மோர்ட்டன் குடாவில் வாழும் வேறொரு வரி இறாலைப் பற்றி 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கே அடுத்த தலைமுறைக்குப் பரம்பரையைக் கொடுக்கும் அளவு, கணக்குப்படி ஏறக்குறைய 1,000 இறாலுக்கே சமம். கடலில் இருப்பவையோ அதைவிடப் பல மடங்கு. நெல் மூடை மூடையாக அடுக்கியிருந்தாலும், முளைக்கும் விதை ஒரு கொத்துத்தான் என்பது போன்றது இது.

குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. சில தாய்களிலிருந்தே ஆயிரமாயிரம் குஞ்சுகளை எடுத்தால், அவை எல்லாம் உடன்பிறப்புகள். அவற்றையே மீண்டும் மீண்டும் இணைத்தால் வகை சுருங்கும்; வளர்ச்சி குன்றலாம். 1996இல் வடமேல் மாகாணத்து இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் பாழாக்கியது. அந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரசு. வகை சுருங்கியது அல்ல. ஆனாலும் பல வகை கலந்த கூட்டத்தில், ஒரு கெடுதலைத் தாங்கும் சில உயிர்களாவது இருக்க வாய்ப்பு அதிகம். வகை சுருங்கிய கூட்டத்தில் அந்த வாய்ப்பும் சுருங்கிவிடும்.

நாம் செய்யக்கூடியது என்ன?

மிகச் சிறிய கண் வலையால் களப்பிலுள்ள குஞ்சுகளை அள்ளாதீர்கள். இன்று ஒரு கறிக்குக் காணாத அந்தக் குஞ்சுகள், சில மாதத்தில் நல்ல விலைக்குப் போகும்.

விறகுக்காகக் கண்டல் மரங்களை வெட்டாதீர்கள். அது இறாலின் நாற்றுமேடை.

பண்ணையில் மிஞ்சிய குஞ்சுகளையோ நோயுற்ற குளத்து நீரையோ களப்பில் விடாதீர்கள். விடுபவர்களைக் கண்டால் கூட்டாகச் சென்று பேசுங்கள். வெளியூர்க் குஞ்சு உள்ளூர்ப் பரம்பரையோடு கலந்துவிட்டால், பிறகு பிரித்தெடுக்க முடியாது.

எவ்வளவு பசி வந்தாலும் விதைநெல்லை உலையில் போடாமல் காத்தவர்கள் நீங்கள். ஊரை விட்டு வந்தபோது அந்த விதையைக் கொண்டுவர முடியாமல் போன வேதனையும் உங்களுக்குத் தெரியும். களப்பில் வளர்வதும் ஒரு விதைநெல்தான். இழந்த பிறகு அதை வாங்கிவர ஒரு சந்தையும் இல்லை.