சங்கமும் குடியாட்சியும்

தேர்தல் நடந்துவிட்டால் குடியாட்சி மலர்ந்துவிட்டது என்பர் பலர். வாக்குச்சீட்டு அதன் வாயிலே. மக்கள் தாமே கூடி நடத்தும் சங்கங்களே அதன் அடித்தளம். பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1948 ஜூன் 16இல் அவ்வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அறிவிக்கப்பெற்ற நெருக்கடி நிலை 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அதன் தொடக்கத்திலேயே தொழிற்சங்கங்கள் பல கலைந்தன. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1955இல் பொதுத்தேர்தலும் நடந்தது.

ஆயினும், தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்த தொழிலாளரைத் தேர்தல் மட்டும் காக்கவில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்து, 1959இல் அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியோர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளி சேர்த்து உறுப்பினராயினர். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று.

பங்கு எவ்வளவாயினும் உறுப்பினர் ஒருவருக்கு வாக்கு ஒன்றே என்பது கூட்டுறவுக் கொள்கை. கணக்குக் கேட்பதும், மாற்றுக் கருத்தைப் பொறுத்துக் கேட்பதும் சங்கக் கூட்டத்தில்தான் பழக்கமாகின்றன. அப்பழக்கம் இல்லாத நாட்டில் தேர்தல் வெறுஞ் சடங்கே அன்றோ?