விரலால் படித்த பத்திரிகை

மாமனாருக்கு சதாபிஷேகம். பார்வை மங்கிய என் மாமியாருக்காக, எழுத்து புடைத்த பத்திரிகை ஒன்றை நானே செய்ய ஆசைப்பட்டேன். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் விற்கும் கல்யாணப் பத்திரிகைகள் சிலவற்றில், எழுத்து கையில் தட்டுப்படுமே, அதுபோலத்தான்.

சீக்கிரம் காயாத எம்பாசிங் பேனாவால் பெரிதாக எழுதி, ஈரத்தோடு எம்பாசிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டேன். ஹேர் டிரையரைக் காட்டினால் பவுடர் பறந்ததே தவிர உருகவில்லை! ஹீட் கன் வாங்க மனசில்லை. அட்டையை இடுக்கியால் பிடித்து, நன்றாகச் சூடான பழைய தோசைக்கல்லுக்குச் சற்று மேலே காட்டினேன். பவுடர் உருகி, எழுத்து பளபளவென்று எழும்பியது. உருகியதும் எடுத்துவிடுங்கள், தாமதித்தால் அட்டை கருகும். ஜன்னல் திறந்திருக்கட்டும், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

மாமியார் தடவிப் பார்த்து, "என் பேரு கையில தட்டுப்படுதும்மா" என்றபோது என் கண் கலங்கிவிட்டது. நீங்களும் செய்து பாருங்களேன்!

– ஒரு வாசகி, வேளச்சேரி.