புதுப்பிக்க அஞ்சுவோர்க்கு ஒரு வார்த்தை

எங்கள் பிராசீன பாடசாலையில் ஆறு கணினிகள் இருக்கின்றன. அன்பர் ஒருவர் உபகரித்தவை. பழையன, ஆயினும் பழுதுபட்டன அல்ல. விலை கொடுத்து மென்பொருள் வாங்க வசதியின்மையால், அவற்றில் லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தை ஏற்றி வைத்திருக்கின்றோம். மாணாக்கர் அவற்றிற் கட்டுரை எழுதுகின்றனர். ஆசிரியர் வினாத்தாள் ஆக்குகின்றனர். எழுத்தாணிக் கதை கேட்டு வளர்ந்த நானும் ஒருவாறு விசைப்பலகைக்குப் பழகிக்கொண்டேன்.

சென்ற தவணையில் இளம் ஆசிரியை ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். இலக்கணம் நன்கு கற்றவர். பிழை கண்டாற் பொறாதவர். அவருடைய கணினித் திரையின் மூலையிற் கேடய வடிவிலே சிறு சின்னம் ஒன்று உண்டு. அதிலே புள்ளி தோன்றினால், 'புதுப்பிப்புகள் வந்திருக்கின்றன. ஏற்றுக்கொள்க' என்பது பொருள். அந்தப் புள்ளி மூன்று மாதமாகத் தோன்றியபடியே இருந்தது. ஒருநாட் பார்க்கிறேன்: மூலையிலே கடதாசித் துண்டொன்றை ஒட்டிப் புள்ளியை மறைத்துவிட்டார்.

"ஏன் பிள்ளை, அதை மறைத்துவிட்டீர்?" என்றேன்.

"பார்க்கப் பயமாயிருக்கிறது, ஐயா. அமர்த்தினாப்போல ஏதும் கெட்டுவிட்டால்? ஒழுங்காய் ஓடுகிறதை ஏன் குழப்புவான்?" என்றார்.

நான் சிரிக்கவில்லை. சிரிக்க எனக்கு உரிமையில்லை. அதே புள்ளிக்கு இரண்டாண்டு காலம் அஞ்சி ஒதுங்கியிருந்தவன் நான்.

என் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. என் ஆசிரியர் வகுப்பிற் சொல்லிய உரைக்குறிப்புகளை ஐந்து கொப்பிகளில் எழுதி வைத்திருந்தேன். அவர் மறைந்துவிட்டார். கொப்பிகளிற் கறையான் ஏறத் தொடங்கியது. ஆகவே நாலாண்டு காலம் இரவிரவாக இருந்து அவற்றைக் கணினியில் ஏற்றினேன். எழுதி முடித்தபோது ஐந்து கொப்பிகளில் மூன்று தூளாகிவிட்டன. இனி அந்த இயந்திரமே ஏடு. அதனைத் தொடலாமா? புதுப்பிப்பு என்று ஏதோ ஒன்று உள்ளே புகுந்து என் ஆசிரியரின் வாக்கைச் சிதைத்துவிட்டால் என்ன செய்வேன்?

இந்த அச்சத்தைச் சிறிது ஆராய்வோம்.

லினக்ஸ் என்பது 1991 ஆம் ஆண்டிற் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய கேர்னல். கேர்னல் என்றால் மையக்கரு. இயந்திரத்தின் உறுப்புகளையும் நாம் இயக்கும் மென்பொருள்களையும் இணைத்து ஆள்வது. அதனைச் சுற்றிப் பல்லாயிரம் மென்பொருள்களைத் தொகுத்து வழங்குவோர் பலர். 1993 இல் டெபியன் தோன்றியது. அதன்வழி 2004 இல் உபுண்டு தோன்றியது. அதன்வழி 2006 இல் மின்ட் தோன்றியது. மூலநூல், வழிநூல், சார்புநூல் என்னும் முறை நமக்குப் புதிதன்று.

'ஒழுங்காய் ஓடுகிறதை ஏன் குழப்புவான்?' என்ற கேள்விக்கு வருவோம். பிழை இல்லை என்பது வேறு. பிழை இன்னும் காணப்படவில்லை என்பது வேறு. 2007 ஆம் ஆண்டு வெளிவந்த கேர்னலிலே ஒரு பிழை புகுந்தது. உரிமையில்லாத ஒருவன் இயந்திரத்தின் முழு ஆட்சியையும் கைப்பற்ற இடங்கொடுக்கும் பிழை. அது 2016 ஆம் ஆண்டு ஒக்டோபரிலேதான் திருத்தப்பட்டது. இடைப்பட்ட ஒன்பதாண்டும் அந்தக் கணினிகள் எல்லாம் 'ஒழுங்காய்' ஓடிக்கொண்டுதான் இருந்தன. கதவு பூட்டியிருப்பதாக எண்ணி உறங்குகிறவனுக்கும் உறக்கம் நன்றாகத்தான் வரும்.

வேறோர் உதாரணம். 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வனாக்கிரை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் விண்டோஸ் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணயப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் வைத்தியசாலைகளும் தப்பவில்லை. அந்நிரல் புகுந்த வாயிலை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. மருந்து வந்து இரண்டு மாதத்தின் பின் நோய் வந்தது. மருந்தை உண்ணாதவரைப் பிடித்தது. லினக்ஸ் வேறு, விண்டோஸ் வேறு. ஆனால் நீதி ஒன்றே.

சரி, திருத்தம் வேண்டும். திருத்தம் என்ற பெயரில் வேறேதும் வந்துவிடாதா? நல்ல கேள்வி. இதற்கு மூன்று விடை உண்டு.

ஒன்று, முத்திரை. லினக்ஸின் புதுப்பிப்புகள் கண்ட கண்ட இடங்களிலிருந்து வருவன அல்ல. களஞ்சியம் என ஒன்று உண்டு. இயங்குதளம், எழுத்துரு, இணைய உலாவி, எழுதும் மென்பொருள் எல்லாம் அங்கிருந்தே பொதிகளாக வருகின்றன. ஒவ்வொரு பொதிக்கும் கைரேகை போன்ற ஓர் எண்கோவை கணிக்கப்பட்டுப் பட்டியலில் எழுதப்படுகிறது. அந்தப் பட்டியல் வெளியிட்டோரின் இரகசியத் திறவுகோலால் ஒப்பமிடப்படுகிறது. வழியிலே எவனாவது ஒரு பொதியில் ஓரெழுத்தை மாற்றினாலும் கைரேகை பொருந்தாது. கணினி அதனை ஏற்க மறுத்துவிடும்.

இரண்டு, பழக்கி அனுப்பும் முறை. நிலைபெற்ற பதிப்பு ஒன்றை நாம் ஏற்றியிருந்தால், அதற்கு வரும் புதுப்பிப்புகளிற் பெரும்பாலானவை புதிய நூல்கள் அல்ல. பழைய நூலுக்குப் பிழைதிருத்தப் பத்திரங்கள். உலாவி போன்ற சில மாத்திரம் முழுமையாகப் புதிதாக வரும். மற்றவை உருவம் மாறா; வழு மாத்திரம் நீங்கும். உபுண்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்பிரலில் வெளியிடும் நெடுங்காலப் பதிப்புக்கு ஐந்தாண்டு இவ்வகைத் திருத்தம் உண்டு.

மூன்று, பல கண்கள். 2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நடந்ததைக் கேளுங்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசெட் என்ற சிறு மென்பொருளின் பராமரிப்பாளருள் ஒருவராகப் படிப்படியாக இடம்பெற்ற ஒருவர், அதனுள்ளே களவாக ஒரு பின்கதவை வைத்துவிட்டார். அண்ட்ரேஸ் பிராயிண்ட் என்னும் பொறியியலாளர் தம் கணினியிற் புகுமுக வேலை ஏறக்குறைய அரை வினாடி தாமதிப்பதைக் கண்டார். அரை வினாடிதானே என்று விடவில்லை. துருவினார், கண்டுபிடித்தார், உலகுக்கு அறிவித்தார். அந்த நஞ்சு டெபியனின் சோதனைக் கிளைகள் வரை வந்திருந்தது. நிலைபெற்ற பதிப்பை அடையவில்லை. இதனை 'பார்த்தீர்களா, ஆபத்து' என்று சொல்வாரும் உளர். அவர் சொல்வதும் பொய்யன்று. ஆனால் அந்தப் பின்கதவு அகற்றப்பட்டதும் ஒரு புதுப்பிப்பினாலேயே என்பதை மறக்கலாகாது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2022 ஆம் ஆண்டு. நாடெங்கும் நெடுநேர மின்வெட்டு. மாணவன் ஒருவன் வற்புறுத்த, இரண்டாண்டாகத் தேங்கிய புதுப்பிப்புகளை ஏற்றுக்கொள்ளும் பொத்தானை ஒருநாள் அமர்த்தினேன். மின்வெட்டு நேரசூசியைப் பார்த்தேன். ஆனால் வேறொரு பிரிவின் நேரத்தைப் பார்த்துவிட்டேன். பாதி வேலையில் மின்சாரம் நின்றது. மீண்டும் மின்சாரம் வந்தபின் கணினியைத் தொடக்கினேன். கரிய திரை. சில ஆங்கில வரிகள். அதற்குமேல் ஒன்றுமில்லை.

அன்றிரவு நான் உண்ணவில்லை. என் ஆசிரியர் இரண்டாம் முறையும் இறந்தாரென்றே எண்ணினேன்.

காலையில் அந்த மாணவன் வந்தான். பதற்றம் சிறிதுமில்லை. கணினி தொடங்கும்போது ஒரு விசையை அழுத்திப் பிடித்தான். பழைய கணினிகளில் அது ஷிப்ட் விசை. புதியவற்றில் எஸ்கேப் விசை. ஒரு பட்டியல் தோன்றியது. அதில் மேலதிகத் தெரிவுகள் என்ற பகுதியிலே புதிய கேர்னலும் இருந்தது. அதன் கீழே பழைய கேர்னலும் இருந்தது. "ஐயா, புதியது வந்தாலும் பழையதை உடனே வீசிவிடாது. பக்கத்தில் வைத்திருக்கும்" என்றான். பழையதைத் தெரிந்தான். கணினி எழுந்தது. பாதியில் நின்ற வேலையை முடித்துக்கொள்ளுமாறு ஒரு கட்டளை கொடுத்தான். நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து முடித்தது. குறிப்புகளைத் திறந்தேன். ஓரெழுத்தும் கெடவில்லை.

கெடாதது தற்செயலன்று. புதுப்பிப்பு, இயங்குதளத்தின் கோப்புகளை மாற்றுமே அன்றி, நாம் நம் வீட்டு அடைவில் எழுதி வைத்த ஆவணங்களை மாற்றுவதில்லை. நாம் திருத்திய அமைப்புக் கோப்பு ஒன்றை மாற்ற நேர்ந்தாலும் 'பழையதை வைப்பதா, புதியதை ஏற்பதா' என்று கேட்டே செய்யும். அறியாதவர் பழையதை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

அப்போதுதான் ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. என் அச்சம் பிழையன்று. அது இருந்த இடமே பிழை. நான் அஞ்சியது புதுப்பிப்புக்கு. அஞ்சியிருக்க வேண்டியது, என் ஆசிரியரின் வாக்கு ஒரேயொரு பிரதியாய், ஒரேயொரு வட்டிலே இருந்தமைக்கு. அந்த வட்டு ஒருநாட் பழுதுபடும்; புதுப்பித்தாலும் படும், புதுப்பிக்காவிட்டாலும் படும். 1887 இற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், ஏடுகள் அழிந்தொழிவது கண்டு எவ்வளவு நொந்தார் என்பதை அவர் பதிப்புரைகளைப் படித்தோர் அறிவர். அவற்றை மாணாக்கர்க்குப் பல ஆண்டு பாடஞ்சொன்ன நானே ஒற்றைப் பிரதியை வைத்துக்கொண்டிருந்தேன்! இப்பொழுது மூன்று பிரதிகள் மூன்று இடங்களில் உள்ளன.

ஆகவே புதிதாக வருவோர்க்கு என் அநுபவத்தாற் கண்ட சில ஒழுங்குகளைச் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் ஆவணங்களை வேறொரு வட்டிலே பிரதிசெய்து வையுங்கள். இரண்டாவது, மின்டிலுள்ள டைம்ஷிப்ட் என்னும் கருவியால் இயங்குதளத்தின் நிலையைப் பதிந்து வையுங்கள். புதுப்பித்தபின் ஏதேனும் கெட்டால், கெடுவதற்கு முந்திய நிலைக்கு அது மீட்டுத்தரும். ஆனால் அது இயல்பாக இயங்குதளத்தையே காக்கும். உங்கள் ஆவணங்களைக் காக்காது. இரண்டும் இரண்டு வேலை. மூன்றாவது, மடிக்கணினியாயின் மின்னேற்றியைப் பொருத்திக்கொள்ளுங்கள்; மின்சாரம் நிற்கும் நேரத்தைத் தவிருங்கள்; வேலை நடக்கும்போது பொறுமையிழந்து நிறுத்தாதீர்கள்.

நாலாவது, வாசியுங்கள். என்னென்ன வருகின்றன என்று கணினி பட்டியல் தருகிறது. ஒன்றை நீக்கப்போகிறேன் என்றாலும் சொல்லும். 2021 இல் லைனஸ் செபாஸ்டியன் என்னும் கனடா நாட்டுக் காணொளியாளர் லினக்ஸில் விளையாட்டு மென்பொருளொன்றை ஏற்றப் புகுந்தார். ஒரு பொதியிலிருந்த குறையால், கணினி அதனோடு மேசைத்திரை முழுவதையும் நீக்கவேண்டியதாகக் கணித்தது. இது ஆபத்து என்று எச்சரித்தது. 'ஆம், நான் சொல்கிறபடி செய்' என்று ஒரு வாக்கியத்தைத் தட்டச்சிட்டாலன்றிச் செய்யேன் என்றது. அவர் தட்டச்சிட்டார். மேசைத்திரை போயிற்று. பெயரொற்றுமை காவாது, வாசிப்பே காக்கும். பெருந்தொகையான பொதிகளை நீக்கப்போவதாகக் கண்டால் நிறுத்துங்கள், அறிந்தவரைக் கேளுங்கள்.

ஐந்தாவது, பிழைதிருத்தமும் மறுபதிப்பும் வேறு. நாள்தோறும் வரும் புதுப்பிப்பு பிழைதிருத்தம். அதனைத் தாமதியாது ஏற்கலாம். ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறுவது மறுபதிப்பு, அதற்கு அவசரமில்லை. பிரதிசெய்து, ஓய்வான நாள் பார்த்துச் செய்யலாம். ஆறாவது, களஞ்சியத்துக்குப் புறம்பான இடங்களிலிருந்து மென்பொருள் ஏற்றுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும்போது எழும் குழப்பங்களிற் பல அவற்றாலேயே எழுகின்றன.

இவ்வளவையும் அந்த ஆசிரியைக்குச் சொன்னேன். இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் தம் பாடக்குறிப்புகளைச் சிறு நினைவுக்கோலொன்றிற் பிரதிசெய்துகொண்டு வந்தார். டைம்ஷிப்டினால் நிலையைப் பதிந்தார். கடதாசித் துண்டை உரித்தார். பட்டியலை வினாத்தாள் திருத்துவதுபோல வரிவரியாக வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் இதிலே நிற்பீர்களோ, ஐயா?" என்றார்.

"நிற்கிறேன், பிள்ளை" என்றேன்.

அமர்த்தினார். முந்நூறுக்கு மேற்பட்ட பொதிகள். ஏறக்குறைய நாற்பது நிமிடம். பின்னர் கணினியை நிறுத்தித் தொடக்கினார். முன்போலவே எழுந்தது. மூலையிலே புள்ளியில்லாக் கேடயம் மாத்திரம் இருந்தது.

"இவ்வளவுதானோ?" என்றார்.

இவ்வளவுதான். அடுத்த முறை நான் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை என்றும் அவரே சொல்லிவிட்டார்.