பாறை நிலமும் எர்த் குழியும்

சேலம்–ஜோலார்பேட்டை ரயில் பாதையில், சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டி இருக்கிறது பொம்மிடி. இந்தப் பக்கத்தில் கொஞ்சம் தோண்டினாலே கடப்பாரை பாறையில் இடிக்கும். சார்னோக்கைட்டும் நைஸும் அடியில் கிடக்கிற நிலம் இது. சித்திரையில் மேல்மண்ணிலும் ஈரம் இருக்காது. கிணறு வெட்டுகிறவருக்கு இது தெரிந்த கஷ்டம். வீட்டு வயரிங்குக்கும் இதே கஷ்டம் உண்டு என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை. தர்மபுரி மாவட்டம் போன்ற வறண்ட பாறை நிலத்தில் எர்த் குழியையும் ஃபியூஸையும் மட்டும் நம்பி ஒரு குடும்பம் குடியிருக்கக் கூடாது. கரண்ட் கசிந்தால் கண்டுபிடித்து அறுக்கும் ஆர்.சி.சி.பி. இந்த மண்ணில் அரிசி பருப்பு போல அவசியம்.

காரணம் எளிய கணக்கு. மின்சாரம் புறப்பட்ட டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பியாக வேண்டும். வழக்கமாக அது பேஸில் வந்து நியூட்ரலில் திரும்புகிறது. கிரைண்டருக்குள் வயர் உரிந்து இரும்பு உடம்பில் பட்டுவிட்டால், எர்த் கம்பி வழியாக மண்ணில் இறங்கி, மண் வழியாகத் திரும்பப் பார்க்கும். செம்பிலும் அலுமினியத்திலும் தங்குதடையின்றி ஓடுகிற மின்சாரத்துக்குக் காய்ந்த பாறை மண் பெரிய தடை. நல்ல களிமண்ணில் 30 ஓம் காட்டும் எர்த் குழாய், இங்கே 100 ஓமைச் சாதாரணமாகத் தாண்டலாம். 230 வோல்ட்டை 100 ஓமால் வகுத்தால் 2 ஆம்பியர் சொச்சம். 5 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கு உருகாது. ஃபியூஸுக்குப் பதிலாக வைக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் நொடியில் விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும்; அதற்கு எர்த் தடை 2 ஓம் அளவுக்கு இறங்க வேண்டும். ஆக, ஃபியூஸ் அப்படியே இருக்கும், மீட்டர் நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் வரை வீணாக ஓடும், கிரைண்டரின் உடம்பில் கிட்டத்தட்ட 220 வோல்ட் நிற்கும்.

‘எர்த் இருக்கிறதே, கரண்ட் சுலபமான வழியில்தானே போகும், ஆளைத் தொடாது’ என்று அனுபவசாலிகளே சொல்வார்கள். இது ஆபத்தான பாதி உண்மை. மின்சாரம் கிடைக்கிற எல்லா வழியிலும் பிரிந்து போகும். தடை குறைந்த வழியில் அதிகம், கூடிய வழியில் குறைவு, அவ்வளவுதான். ஈரக் கையும் வெறுங்காலுமாக நிற்பவரின் உடம்புத் தடை ஏறக்குறைய 1000 ஓம். அவர் வழியாக 200 மில்லி ஆம்பியர் போகும். 2 ஆம்பியரோடு ஒப்பிட்டால் இது சின்னப் பங்கு. ஆனால் இதயத் துடிப்பைக் குலைக்க அதில் பாதியே போதும். 2023 மார்ச்சில் இதே மாவட்டத்தின் மாரண்டஅள்ளி அருகே, வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. உயிரைப் பறிக்கும் மின்னோட்டம் வேறு, ஃபியூஸை உருக்கும் மின்னோட்டம் வேறு என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டியதில்லை.

ஆர்.சி.சி.பி. மின்னோட்டம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதில்லை. பேஸில் போனது முழுக்க நியூட்ரலில் திரும்பியதா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டிக்கும். கசிவு பெரிதானால் இன்னும் வேகமாக. கருவியின் உடம்பில் 50 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாமல் அது காக்க, எர்த் தடை 1600 ஓம் இருந்தாலும் போதும். எம்.சி.பி. கேட்கும் 2 ஓம் எங்கே, இது எங்கே! பாறை நிலத்தில் எட்டக்கூடியது இதுதான். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் இதைக் கட்டாயம் என்கிறது. ஆனால் இருபது முப்பது வருடத்துக்கு முன் வயரிங் செய்த வீடுகளின் மெயின் போர்டில் இன்றும் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான் உட்கார்ந்திருக்கிறது.

எதிர்ப்பும் இருக்கிறது. உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் எர்த் சரியாகிவிடாதா? ஓரளவு ஆகும். மழைக்கு உப்பு கரைந்து போகும், கோடையில் குழி காயும், அந்த நேரத்தில் குடத்தோடு போய்க் குழியில் ஊற்றுகிறவர் யார்? குடிக்கவே லாரியை எதிர்பார்க்கும் தெருவில் அதை எப்படிக் கேட்பது? இன்னொன்று, ‘அது சும்மா சும்மா விழுகிறது’ என்பது. பெரும்பாலும் சும்மா விழுவதில்லை. மோட்டாரிலோ கீசரிலோ கசிவு இருக்கும், அல்லது எங்கோ நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கி வைத்திருப்பார்கள். கோளாறைத் தேடாமல் கருவியையே கழற்றி நேர் இணைப்புக் கொடுப்பது மன்னிக்க முடியாத வேலை. ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தவரை இந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது என்பது உண்மையே. சர்வீஸ் வயர் அறுந்து துணி காயப்போடும் கம்பியில் விழுந்தாலும் அப்படித்தான், அந்தக் கரண்ட் மெயின் போர்டுக்கு வருவதற்கு முன்பே கசிந்துவிடுகிறது. அதனால் அந்தக் கம்பியை எடுத்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். எர்த் குழியை மூடிவிடவும் வேண்டாம். ஆள் தொடும் முன்பே ஆர்.சி.சி.பி. விழ வேண்டுமானால் கசிவுக்கு ஒரு வழி இருந்தாக வேண்டும். கருவியின் முகப்பில் ‘டி’ என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தரம் அதை அழுத்தி, வீடு இருட்டாகிறதா என்று பாருங்கள். ஆகாவிட்டால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.