ஓட்டு வீட்டின் கூடுவாய்: மழைக்கு முன் கவனியுங்கள்

ஓட்டு வீட்டில் இரண்டு கூரைச் சரிவுகள் உள்மூலையில் சேரும் பள்ளமே கூடுவாய். முற்றம் வைத்த வீட்டில், முற்றத்தின் நான்கு மூலைகளிலும் கூடுவாய் உண்டு. சென்னை மேற்கு மாம்பலத்தில் அடுக்குமாடிகள் வந்தபின் அருகிவிட்ட பழைய வீடுகளானாலும், சிற்றூரில் நீங்கள் குடியிருக்கும் வீடானாலும் அமைப்பு ஒன்றே. பழுதும் ஒன்றே.

ஏன் ஒழுகுகிறது?

10 அடிக்கு 10 அடி உள்ள மூலைக் கூரையில் 5 செ.மீ. மழை பெய்தால், சுமார் 465 லிட்டர் நீர் ஒரே கூடுவாயில் இறங்கும். கூடுவாயின் சரிவோ கூரையின் சரிவைவிடக் குறைவு. அதனால் வேப்பஞ்சருகும் ஓட்டுத் துண்டும் எளிதில் தங்கிவிடும். தேங்கிய நீர் ஓட்டின் அடியில் ஏறி மரத்தை நனைக்கும். கூடுவாய் மரம் உளுத்துவிட்டால், அதன்மேல் நிற்கும் இருபக்கக் கைமரங்களும் இறங்கிவிடும். கீழே உறங்குபவர்களுக்கும் அடுக்கிய விதை மூட்டைகளுக்கும் ஆபத்து.

சோதிக்கும் முறை

1. பகலில் உள்ளே நின்று மேலே பாருங்கள். வெளிச்சப் புள்ளி, கறுத்த நீர்க்கோடு, கரையான் மண் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள்.

2. கூடுவாய் மரத்தைக் கத்தி முனையால் குத்துங்கள். எளிதில் இறங்கினால் மரம் உளுத்துவிட்டது.

3. ஏணியில் நின்று கீழிருந்து மேலாகப் பகுதி பகுதியாக நீர் ஊற்றுங்கள். உள்ளே ஒருவர் கவனித்தால் ஒழுகும் இடம் தெரியும்.

பழுது பார்த்தல்

சிமெண்டைப் பூசி ஒழுக்கை அடைப்பது பலருடைய வழக்கம். இது தவறு. வெயிலில் ஓடும் மரமும் வெவ்வேறு அளவில் அசைவதால் பூச்சு வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி மரத்தை உளுக்கச் செய்யும்.

சருகுதான் காரணமானால் கூட்டிச் சுத்தம் செய்தாலே போதும். உடைந்த ஓட்டை மாற்றுங்கள். தகடு துருப்பிடித்திருந்தால் இருபக்க ஓடுகளையும் எடுத்துவிட்டுப் புதிய துத்தநாகம் பூசிய தகடு போட வேண்டும். சுமார் 60 செ.மீ. அகலத் தகடு நல்லது. ஓரங்களைச் சிறிது மேல்நோக்கி மடக்குங்கள். கீழ்த்தகட்டின்மேல் மேல்தகடு குறைந்தது 15 செ.மீ. படிய வேண்டும். ஓடுகள் இருபுறமும் 10 செ.மீ. தகட்டின்மேல் நீண்டிருக்க, நடுவே நீர் ஓட வழி விடுங்கள். நடுப்பகுதியில் ஆணி அடிக்கக் கூடாது.

எச்சரிக்கை

மரம் உளுத்திருந்தால், ஓட்டில் கைவைக்குமுன் கீழே முட்டுக் கொடுங்கள். அனுபவமுள்ள தச்சரை அழையுங்கள். ஈர ஓட்டில் ஏறாதீர்கள். அருகே மின்கம்பி இருந்தால் மின்சாரத்தை நிறுத்திய பின்பே ஏணி வையுங்கள்.

சென்னை வட்டாரத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. எனவே பெரிய வேலைகளை ஆவணிக்குள் முடித்துவிட்டு, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை சருகை அகற்றி வந்தால் கூரையும் விதையும் பாதுகாப்பாக இருக்கும்.