செல்ஃப் எடுக்காத இயந்திரம்

லைட் எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. பாறசாலை, காரோடு, குன்னத்துகால், வெள்ளறடை, உதியன்குளங்கரை என்று எல்லையோரத்தில் எங்கே ஒரு ஜே.சி.பி. காலையில் மக்கர் செய்தாலும், ஆபரேட்டர் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு முதலில் சொல்வது இதைத்தான். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு, நெய்யாற்றின்கரை கேரளத்துக்கு என்று கோடு விழுந்த பகுதி இது. தமிழில் தொடங்கிய பேச்சு மலையாளத்தில் முடிவது இங்கே சாதாரணம். இந்தப் புகார் எந்த மொழியில் வந்தாலும் ஒன்றுதான். அதற்குள் நல்ல இயற்பியல் கேள்வி ஒன்று இருக்கிறது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்றால் லைட் எப்படி எரிகிறது? தீரவில்லை என்றால் செல்ஃப் ஏன் சுற்றவில்லை?

இந்தப் பக்கம் மண் இயந்திரங்களுக்கு ஓய்வு குறைவு. கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலையின் தென்பகுதி, முக்கோலையிலிருந்து காரோடு வரை சுமார் 16 கிலோமீட்டர், செம்மண் மேடுகளை வெட்டி, பள்ளங்களை நிரப்பி, கான்கிரீட்டில் போடப்பட்டது. விழிஞத்தில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீள அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் எழுந்தபோது, குமரி மாவட்டப் பாறைகள் லாரி லாரியாகக் களியக்காவிளை வழியே போயின. வீட்டு மனைக்கு மண் வெட்டுவது, ரப்பர் தோட்டத்தில் பால் வற்றிய மரங்களை வேரோடு பிடுங்குவது எல்லாம் தனிக்கணக்கு. ஒரு இயந்திரம் காலையில் கிளம்பாவிட்டால், அதை நம்பிவந்த டிப்பர்களும் சேர்ந்து நிற்கும்.

டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி வேண்டாம். சிலிண்டருக்குள் இருக்கும் காற்றைப் பதினேழில் ஒரு பங்காக நெருக்கினால் அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் நெருக்குவது சட்டென்று நடக்க வேண்டும். நிமிடத்துக்கு 150, 200 சுற்றாவது கிடைக்காவிட்டால் காற்று பிஸ்டன் ரிங் இடுக்கில் கசிந்துவிடும், சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடும். ‘சுத்துது, பிடிக்கல’ என்று கேட்டதும் டீசல் லைனைக் கழற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பல நேரம் கோளாறு மின்சாரத்தில்தான்.

அந்த வேகத்தைத் தருவதற்குச் செல்ஃப் மோட்டார் 300, 400 ஆம்பியர் இழுக்கும். ஒரு வீட்டின் மின் இணைப்பு முழுவதும் சேர்ந்து முப்பது ஆம்பியரைத் தாண்டுவது அரிது. சுற்றத் தொடங்கும் முதல் கணத்தில் தேவை இன்னும் அதிகம். ஏனென்றால் சுற்றும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகவும் இருந்து எதிர் வோல்டேஜை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. அசையாமல் நிற்கும் மோட்டாருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. என்ஜின் இறுகிக் கிடக்கும்போது சாவியைப் பிடித்துக்கொண்டே இருந்தால் வயர் புகைவது இதனால்தான்.

இப்போது மல்டிமீட்டர். பேட்டரி முனைகளில் வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. செல்ஃபின் தடித்த முனையில் வைத்தாலும் அதே 12.6. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றும். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது கேட்டது மிகச் சின்னக் கேள்வி. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 10 மெகா ஓம். அப்படியென்றால் அது அளப்பதற்காக எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். செல்ஃப் கேட்பது அதைப்போல் முப்பது கோடி மடங்கு. இரவு இரண்டு மணிக்குக் களியக்காவிளைச் சந்திப்பைக் கடக்கும் சைக்கிள்காரரிடம் கேட்டால், ரோடு தாராளமாக இருக்கிறது என்பார். காலை ஒன்பது மணிக்குக் கல் லாரி ஓட்டுகிறவரிடம் கேட்க வேண்டும். தடித்த வயரின் நூறு செப்புக் கம்பிகள் அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் அதே 12.6-தான் காட்டும்.

பேட்டரி முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே பூத்திருக்கும் வெள்ளைப் பொடி, 0.005 ஓம் தடை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட் பத்து ஆம்பியர் எடுத்தால் அங்கே இழப்பு 0.05 வோல்ட், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதே இடத்தில் செல்ஃப் 400 ஆம்பியர் கேட்டால் இழப்பு 2 வோல்ட். அவ்வளவு சுமையில் பேட்டரியே பத்தரை வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும். மிஞ்சுவது எட்டரை. லைட் எரிந்து செல்ஃப் எடுக்காததன் ரகசியம் இந்தப் பெருக்கல்தான். அந்த 2 வோல்ட்டும் மாயமாகிவிடுவதில்லை. 400 ஆம்பியரோடு பெருக்கினால் 800 வாட் வெப்பம், ஒரு போல்ட் அளவு இடத்தில். அனுபவசாலிகள் இரண்டு மூன்று முறை சாவியைத் திருப்பிவிட்டு, கிளாம்பு, எர்த் போல்ட் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பார்கள். சுடுகிற இடம்தான் கோளாறு.

தொட்டுப் பார்ப்பதைவிடத் துல்லியமான வழி ஒன்று உண்டு. முதலில் பார்ப்பவர்களுக்கு அது விசித்திரமாக இருக்கும். வோல்டேஜ் இருக்க வேண்டிய இடத்தில் தேடுவதை விட்டுவிட்டு, இருக்கவே கூடாத இடத்தில் தேடுவது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரே வயரின் இரண்டு நுனிகளில் வைக்க வேண்டும்: ஒன்று பேட்டரியின் பிளஸ் முனையில் (கிளாம்பில் அல்ல, ஈயத்தின் மேலேயே), மற்றொன்று செல்ஃபின் தடித்த முனையில். டீசலை நிறுத்திவிட்டு, இன்னொருவர் சாவியைச் சில நொடிகள் திருப்ப வேண்டும். நல்ல வயரில் பூஜ்யத்தை ஒட்டி, 0.2, 0.3 வோல்ட் காட்டும். 2 வோல்ட் காட்டினால் திருடன் அந்த வழியில்தான் இருக்கிறான். பிறகு முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினால், எந்தப் போல்ட்டைத் தாண்டும்போது எண் விழுகிறதோ அதுவே இடம்.

இந்த வேட்டை தோற்காது என்பதற்கு உத்தரவாதம் கொடுத்தவர் குஸ்தாவ் கிர்க்காஃப். 1845-இல், கோனிக்ஸ்பெர்க்கில் மாணவராக இருந்தபோது, 21 வயதில் அவர் வகுத்த விதி: ஒரு சுற்றில் கொடுக்கப்படும் வோல்டேஜும் அதன் பாகங்கள் எடுத்துக்கொள்ளும் வோல்டேஜும் கட்டாயம் சமமாக இருக்கும். கணக்கில் இரண்டு வோல்ட் குறைந்தால் அது சுற்றில் எங்கோ ஓரிடத்தில் இருந்தே ஆக வேண்டும். எதையும் கழற்றாமல், எதையும் புதிதாக வாங்காமல் கண்டுபிடிக்கலாம். ‘மாத்திப் பாப்போம்’ என்று புது பேட்டரி போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புது பேட்டரி சுமையிலும் வோல்டேஜைச் சற்று உயரத்தில் பிடித்து நிற்கும்; கெட்ட இணைப்பை மறைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓடும். பிறகு பழைய கதை, பணம் போனதுதான் மிச்சம்.

சுற்றின் பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் செல்ஃபுக்குப் போனால் போதாது, பேட்டரிக்குத் திரும்பவும் வேண்டும். திரும்பும் வழி இயந்திரத்தின் இரும்பு உடம்பு. அந்த வழியின் காவலன், சேஸிஸில் ஒரே ஒரு போல்ட்டில் பிடித்திருக்கும் எர்த் பட்டை. எல்லையோரக் கிராமங்கள் அதற்குச் செய்யும் கொடுமை அதிகம். ஜூனில் ஒரு மழை, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் துலாவர்ஷம். செம்மண் புழுதி அந்த ஈரத்தைப் போல்ட்டைச் சுற்றி ஒட்டிவைத்துக்கொள்ளும். நெய்யாறு கடலில் சேரும் பூவாறு, அதற்குத் தெற்கே பொழியூர் பக்கமாக வேலை செய்யும் வண்டிக்கு உப்புக்காற்றும் சேரும். இரும்பும் செம்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே ஒரு சின்ன பேட்டரி. இரும்பு கரைந்துகொண்டே போகும். பெயின்ட் அடித்த இடத்தின் மேலேயே எர்த்தை முறுக்கிவைக்கும் பட்டறைகளைப் பற்றி என்ன சொல்வது!

எர்த் கெட்டால் வேடிக்கைகளும் நடக்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். ஒரு லைட்டைப் போட்டால் இன்னொன்று மினுங்கும். பேய் ஏதும் இல்லை. நேர்வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகப் பின்பக்கமாகப் புகுந்து எர்த்துக்கு வழி தேடுகிறது.

ஓசைகளும் பேசும். சாவியைத் திருப்பினால் ‘டக்-டக்-டக்’ என்று தொடர்ந்து அடித்தால், செல்ஃபுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்சான சொலினாய்டு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குள் இரண்டு சுருள்கள்: ஒன்று இழுக்க, மற்றொன்று பிடித்து நிறுத்த. இழுத்ததும் செல்ஃபுக்கு மின்சாரம் பாய, வோல்டேஜ் சரிகிறது, பிடிக்கும் சுருளுக்குத் தெம்பு போய் விட்டுவிடுகிறது, பாய்ச்சல் நின்றதும் வோல்டேஜ் நிமிர்கிறது, மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு ‘டக்’, பிறகு மௌனம் என்றால் சொலினாய்டின் உள் செம்புத் தட்டு தீய்ந்திருக்கலாம், இல்லையேல் செல்ஃபின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். (அந்தக் கார்பனில் இருப்பது கிராஃபைட். திருவிதாங்கூர் காலத்தில் நெய்யாற்றின்கரைக்கு வடக்கே வெள்ளநாட்டுப் பக்கம் அதையே தோண்டி எடுத்தார்கள்.) சத்தமே இல்லை என்றால் முதலில் கியர் லீவரைப் பாருங்கள். நியூட்ரலில் இல்லாவிட்டால் ஜே.சி.பி. கிளம்பாது; ஹிட்டாச்சி என்று ஊரார் சொல்லும் பெரிய தோண்டியில் பாதுகாப்பு லீவர் பூட்டிய நிலையில் இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் வேலை நின்று வண்டி வாரக்கணக்கில் தார்ப்பாய்க்குள் கிடக்கும்போது பேட்டரி தானாகவே இறங்கும். வெப்பம் கூடக்கூட வேகமாக இறங்கும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாகி, பிறகு சார்ஜ் ஏறாது. இங்கே ஏமாற்றுவது எண்தான்: முழு சார்ஜில் 12.6, பாதியில் சுமார் 12.2. பாதிச் சொத்து போயும் வெறும் 0.4 வோல்ட்தான் வித்தியாசம். பெரிய தோண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அதே சக்திக்குப் பாதி ஆம்பியர் போதும் என்பதால் வயரில் இழப்பு கால்பங்காகும். ஆனால் கேபினில் பாட்டுக் கேட்க ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துவிட்டால், ஒன்று பட்டினி கிடக்கும், மற்றொன்றுக்குச் சார்ஜ் மிதமிஞ்சும். இரண்டும் சீக்கிரம் சாகும்.

பல வண்டிகளில் இன்னொரு விசித்திரம். டாஷ்போர்டில் சிவப்பாக எரியும் சார்ஜ் பல்ப் வெறும் அறிவிப்பு அல்ல. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை முதலில் காந்தமாக்கும் மின்சாரமே அதன் வழியாகத்தான் போகிறது. பத்து ரூபாய் பல்ப் ஃபியூஸ் போனால் ஆல்டர்னேட்டர் விழிக்காமலே இருந்துவிடலாம். சாவி போட்டதும் அந்த லைட் எரியவில்லை என்றால் நிம்மதி அடையக் கூடாது.

எதுவும் பலிக்காதபோது தடித்த ஸ்க்ரூ டிரைவரை சொலினாய்டு முனைகளுக்குக் குறுக்கே வைத்துக் கிளப்பும் வழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. அது நியூட்ரல் பாதுகாப்பை முழுக்கத் தாண்டிவிடுகிறது. கியரில் இருந்தால் வண்டி நகரும். ஸ்க்ரூ டிரைவரோடு நிற்பவர் சக்கரத்தின் வழியில் இருப்பார். அடுத்த வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்புவது மேல், ஆனால் வரிசை முக்கியம். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். கறுப்பு வயரின் கடைசிக் கிளிப்பை பேட்டரி முனையில் மாட்டாமல், தள்ளி, என்ஜின் பிளாக்கின் வெற்று இரும்பில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், அந்த இடத்தில் ஹைட்ரஜன் இருக்கக் கூடாது.