தோல்வியறியாத கார்னெல் அணி

ஐஸ் ஹாக்கி என்னும் ஆட்டத்தை நம்மில் நேரிற் கண்டோர் மிகச் சிலரே. நீர் உறைந்து கல்லாகும் குளிரை அறியாத நாட்டில் வாழும் நமக்கு அது கேள்வியளவில் நின்றுவிடுவது இயல்பு. எனினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளுக்கிடையே 1970-ஆம் ஆண்டு நடைபெற்ற ஐஸ் ஹாக்கிப் பந்தயத்தின் வரலாறு விளையாட்டில் நாட்டமில்லாதாரும் அறியத்தக்கது. அவ்வாண்டு கார்னெல் சர்வகலாசாலை அணியினர் 29 ஆட்டங்கள் ஆடினர்; இருபத்தொன்பதிலும் வென்றனர். ஒன்றிலும் தோற்றிலர்; ஒன்றேனும் சமநிலையில் முடிந்ததுமில்லை. தேசியப் பட்டம் பெற்ற முதற்பிரிவு ஆடவர் அணிகளுள் இத்தகைய குறையற்ற கணக்கு உடையது வேறொன்று இன்றுவரை இல்லை.

ஆட்டத்தின் இயல்பை முதலிற் சுருங்கச் சொல்லுதல் நலம். ஏறத்தாழ 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனிக்கட்டித் தளமே ஆடுகளம். அதனைச் சுற்றிலும் பலகை வேலி உண்டு. ஒவ்வோர் அணியிலும் ஒரே வேளையில் அறுவர் களத்தில் நிற்பர். அவருள் ஒருவர் கோல் காப்பாளர். யாவரும் அடியில் எஃகு விளிம்பு பொருத்திய காலணிகள் அணிந்து வழுக்கி ஓடுவர். நம் மைதானத்து ஹாக்கிப் பந்துக்கு ஈடாக அங்குள்ளது ‘பக்’ எனப்படும் கெட்டியான ரப்பர் வில்லை. குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம். ஆட்டம் இருபது இருபது நிமிடங்கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறும். விதி மீறியவர் இரண்டு நிமிடமோ அதற்கு மேலோ களத்தை விட்டு வெளியே அமர்தல் வேண்டும்; அதுவரை அவர் அணி ஆள் குறைந்தே போராடும். கோல் வாயில் ஆறடி அகலமும் நாலடி உயரமுமே உடையது. ஆயினும், மின்னலெனப் பாயும் வில்லையை அங்கே நின்று தடுப்பவரின் தொழிலே ஆட்டத்தில் மிகக் கொடிது. மதில் வளைப்போனையும் மதில் காப்போனையும் தொல்காப்பியர் உழிஞை ஒன்றிலேயே அடக்கினார். பின்வந்தோர் காப்போனுக்கு நொச்சி எனத் தனித்திணை வகுத்தனர். பனிக்களத்துக் கோல் காப்பாளரைப் பற்றிப் படிக்குந்தோறும், பின்வந்தோர் செய்ததே முறையென்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இப்பந்தயம் 1948-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொடங்கிற்று. முதற் பத்தாண்டும் அந்நகரிலேயே நடந்தது. அக்காலத்தில் கிழக்குப் பகுதியிலிருந்து இரண்டு அணிகளும் மேற்கிலிருந்து இரண்டு அணிகளுமாக நான்கே அணிகள் வரும். இரண்டே ஆட்டங்களை வென்றால் பட்டம் கிட்டும். ஆகவே ஓர் இரவில் நேரும் சறுக்கல் ஓராண்டு உழைப்பை அழித்துவிடும்.

நியூயார்க் மாகாணத்து இத்தாக்கா நகரிலுள்ள கார்னெலுக்கு 1963-இல் பயிற்சியாளராக வந்தவர் நெட் ஹார்க்னெஸ். அதற்கு முன்னரே, 1954-இல், டிராய் நகரத்து ரென்சிலேயர் கல்லூரிக்கு இப்பட்டத்தை ஈட்டித் தந்தவர். கார்னெலில் அவருக்கு வாய்த்த பெருஞ்செல்வம் கென் டிரைடன் என்னும் கோல் காப்பாளர். கனடா நாட்டினர், ஆறடி நாலங்குல உயரத்தினர். முதலாண்டு மாணாக்கர் கல்லூரிப் பேரணியில் ஆடலாகாது என்பது அக்காலத்து விதி. எஞ்சிய மூன்றாண்டுகளில் டிரைடன் 76 ஆட்டங்களில் வென்றார், தோற்றவை 4, சமநிலை 1. 1967-இல் வடடக்கோட்டா அணியை 1-0 என்றும், இறுதியாட்டத்தில் பாஸ்டன் சர்வகலாசாலையை 4-1 என்றும் வென்று கார்னெல் முதன்முறை பட்டம் பெற்றது.

ஆனால் அடுத்த ஈராண்டிலும் அத்தகைய மாவீரர் வாயிலில் நின்றும் பட்டம் கைகூடவில்லை. 1968-இல் வடடக்கோட்டாவிடம் 3-1 எனத் தோல்வி. 1969-இல் இறுதிவரை சென்று டென்வரிடம் 4-3 எனத் தோல்வி. அத்துடன் டிரைடன் கல்லூரியை விட்டு நீங்கினார். இனிக் கார்னெலின் கதி என்னாகும் என்று பலர் எண்ணியிருத்தல் கூடும்.

எலியாவின் சால்வை எலிசாவின்மேல் விழுந்ததுபோல, டிரைடனின் இடம் பிரயன் கிராப்பர் என்பவருக்கு வந்தது. இவர் டிரைடனுக்கு நேர்மாறாகக் குறுகிய உருவினர், பெரும்புகழும் இலர். பேருருவம் வாயிலை மறைத்து நின்றது போய், சிற்றுருவம் ஓடியும் தாவியும் காக்கவேண்டியதாயிற்று. அவர்க்கு முன்னே தடுப்பு வரிசையில் நின்றவர் டான் லாட்போவா. இவர் முதலில் முன்வரிசையில் ஆடியவர். ஹார்க்னெஸ் இவரைப் பின்வரிசைக்கு மாற்றினார். டிரைடன் ஒருவரால் நிறைவுறாதது இவர்களால் நிறைவுற்றது. ஆயினும் அது எளிதில் நிறைவுறவில்லை. கிழக்குப் பகுதியின் இறுதியாட்டத்தில் கிளார்க்சன் கல்லூரியை 3-2 என்னும் ஒரே கோல் வேற்றுமையில்தான் வென்றனர். தேசியப் பந்தயத்தின் முதலாட்டத்தில் விஸ்கான்சினை வென்றதும் 2-1 என்னும் அதே வேற்றுமையில்தான். ‘தோல்வியறியாத’ என்னும் அடைமொழியைக் கேட்போர் எதிரிகளெல்லாம் துரும்பாய்ப் பறந்தனர் என்று நினைத்துக்கொள்வர், உண்மை அதுவன்று.

இறுதியாட்டத்தில் எதிர்த்தது மீண்டும் அதே கிளார்க்சன். இவ்விடத்து அவ்வணியின் பழைய வரலாற்றைச் சொல்லாது செல்லுதல் நீதியாகாது. நியூயார்க் மாகாணத்தின் வடகோடியில் பாட்ஸ்டாம் என்னும் சிற்றூரில் உள்ளது கிளார்க்சன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 1956-இல் முடிந்த பருவத்தில், அக்கல்லூரியார் ஆடிய 23 ஆட்டங்களிலும் வென்றிருந்தனர். தேசியப் பந்தயத்துக்கு அழைப்பும் வந்தது. ஆனால் அவ்வணியின் மூத்தோர் சிலர் முதலாண்டிலேயே பேரணியில் ஆடியவர். நான்காண்டு ஆடியவர்க்குத் தேசியப் பந்தயத்தில் இடமில்லை என்று விதி தடுத்தது. அவர்களை வீட்டில் விட்டு மற்றவர் மட்டும் சென்றிருக்கலாம். கிளார்க்சன் அவ்வாறு செய்யவில்லை, அழைப்பையே மறுத்துவிட்டது. தோல்வியறியாத பருவம் பட்டமின்றியே முடிந்தது. கார்னெலின் 29 வெற்றியைப் போற்றுவோர் இந்த 23-ஐ மறத்தல் கூடாது என்பது என் துணிபு.

1970-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவ்விறுதியாட்டம் நிகழ்ந்த இடம் லேக் பிளாசிட். 1932-இல் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களுக்காகக் கட்டிய அரங்கு அது. மலைகளிடையே அமைந்த அவ்வூர் இத்தாக்காவைவிடப் பாட்ஸ்டாமுக்கே அணித்து. முதலிரு பகுதிகளிலும் வெற்றி எவர்பக்கம் என்று துணிய இயலவில்லை. மூன்றாம் பகுதியில் லாட்போவா ஒருவரே அடுத்தடுத்து மூன்று கோல்கள் இட்டார். காக்கும் வரிசையில் நிற்கும் ஒருவர், பட்டத்துக்குரிய ஆட்டத்தில், அதுவும் கடைசிப் பகுதியில், மும்முறை எதிரியின் வாயிலை உடைத்தல் மிக அரிது. ஆட்டம் 6-4 என முடிந்தது. பந்தயத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற சிறப்பும் லாட்போவாவுக்கே கிடைத்தது.

டிரைடன் அப்பருவத்தில் கனடாவின் தேசிய அணியில் சேர்ந்திருந்தார். மறுவருடம் மான்டிரியால் அணியில் நுழைந்து, நுழைந்த ஆண்டே ஸ்டான்லி கோப்பையை வெல்லத் துணைநின்றார். அக்கோப்பையை அவர் பெற்றது மொத்தம் ஆறுமுறை. ஹார்க்னெஸ் அவ்வெற்றியோடு கார்னெலை விட்டு டெட்ராய்ட் நகரத்துத் தொழில்முறை அணிக்குச் சென்றார். கல்லூரிக் களத்தில் பெற்ற புகழ் அங்கு அவரைத் தொடரவில்லை. கார்னெல் ஆடவர் அதன்பின் இன்றளவும் தேசியப் பட்டம் பெற்றிலர்.

கிளார்க்சன் 1962, 1966, 1970 என மூன்றுமுறை இறுதியாட்டம் வரை வந்து மூன்றுமுறையும் வெறுங்கையோடு திரும்பியது. அக்கல்லூரியின் ஆடவர் அணிக்குப் பட்டம் இன்னும் வாய்க்கவில்லை. 2014-இல் அதன் மகளிர் அணியே முதன்முதலாகத் தேசியப் பட்டத்தைப் பாட்ஸ்டாமுக்குக் கொண்டுவந்தது. 2017-இலும் 2018-இலும் மீண்டும் வென்றது.